பம்ப்பைக் கழற்றும் முன் கை பம்ப்பை அடித்துப் பாருங்கள்

கேள்வி: அண்ணா, எங்களுக்கு ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு கிராமம். அப்பா வாங்கிய 2011 மாடல் பொலிரோ பிக்கப் இருக்கிறது. பழைய டிஐ இன்ஜின், மெக்கானிக்கல் பம்ப். தினமும் காய்கறி மார்க்கெட்டுக்கும், வாரத்தில் சில நாள் பாச்சலூர் மலைக்கும் ஓடுகிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு ரொம்ப நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது. ஒருமுறை எடுத்துவிட்டால் நாள் முழுக்கப் பிரச்சினை இல்லை. பிரேக் அடித்தால் இடது பக்கம் இழுக்கிறது. கிளட்ச்சை விடும்போது அடியில் 'டங்' என்று ஒரு சத்தம். பட்டறையில் காட்டியதற்கு பம்ப், நாசில், பிரேக், ஜாயிண்ட் எல்லாம் சேர்த்து 85,000 ஆகும் என்றார்கள். பின்பக்கம் லோடுக்கு உட்காருகிறது, கூட ஒரு ஸ்பிரிங் பட்டை போட்டுவிடலாம் என்றும் சொன்னார்கள். நான் ஐ.டி.ஐ. எல்லாம் படிக்கவில்லை. ஆனால் பைக், கிணற்று மோட்டார் இவற்றை நானே பிரித்து மாட்டுவேன். இந்த வண்டி வேலையில் எதையெல்லாம் வீட்டிலேயே செய்யலாம்? இல்லை, விற்றுவிடுவதே மேலா?

பதில்: தம்பி, "ஒருமுறை எடுத்துவிட்டால் நாள் முழுக்கப் பிரச்சினை இல்லை" என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். அந்த 85,000-இல் பெரும்பங்கு அந்த ஒரு வரியிலேயே கழிந்துவிடலாம்.

நாசிலுக்கு டீசலை அழுத்தித் தள்ளுவதுதான் அந்த பம்ப். உள்ளே தேய்ந்துபோன பம்ப், டீசல் சூடாகி இளகியிருக்கும் நேரத்தில்தான் அதிகமாக அடம் பிடிக்கும். லோடோடு வந்து டீக்கடையில் நிறுத்திவிட்டு மறுபடி எடுக்கும்போது செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கும், வண்டி எடுக்காது. இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில் கெட்டிருந்தால் ஏற்றத்தில் கரும்புகை, ஐடிலில் தட்டல், மைலேஜ் இறங்குவது என்று ஏதாவது ஒன்று நாள் முழுக்கக் கூடவே வரும். ராத்திரியெல்லாம் நின்ற வண்டி காலையில் மட்டும் மக்கர் செய்கிறது, மற்ற நேரம் சமர்த்தாக ஓடுகிறது என்றால் என் முதல் சந்தேகம் டீசல் லைனில் ஏறும் காற்றின் மேல்தான்.

வண்டி நின்றபிறகு டேங்க்கிலிருந்து பம்ப் வரை லைன் முழுக்க டீசல் அப்படியே நிற்க வேண்டும். எங்கோ ஒரு வாஷரோ ஹோஸோ லேசாகக் காற்றை உள்ளே விட்டால், ராத்திரிக்குள் அந்த டீசல் மெல்ல டேங்க்குக்கே திரும்பி இறங்கிவிடும். அந்த இடத்தில் டீசல் வெளியே கசிய வேண்டும் என்றுகூட இல்லை. தரையில் சொட்டு எதையும் காணாமல், "லைன்ல ஒண்ணும் இல்லை, பம்ப்தான்" என்று ஆட்கள் முடிவு கட்டுவது இதனால்தான். இன்னொரு துப்பும் உண்டு. டேங்க் நிரம்பியிருக்கும் மறுநாள் காலையில் தொந்தரவு குறைவாகவும், டேங்க் அடியில் இருக்கும்போது அதிகமாகவும் இருக்கிறதா? அப்படியானால் சந்தேகம் இன்னும் பலப்படுகிறது.

இதற்கான சோதனைக்குக் காசு கிடையாது. நாளைக் காலையில் சாவியைத் தொடும் முன் பானெட்டைத் திறந்து, டீசல் ஃபில்டர் பக்கம் இருக்கும் கை பம்ப்பை அடியுங்கள். லைனில் டீசல் நின்றிருந்தால் ஒன்றிரண்டு அடியிலேயே கைக்கு இறுக்கம் தெரியும். முதலில் வெறுமனே தொளதொளவென்று போய், நிறைய அடித்தபிறகே இறுகுகிறது என்றால் டீசல் இறங்கிவிட்டிருக்கிறது என்று அர்த்தம். நன்றாக இறுகும்வரை அடித்துவிட்டு செல்ஃப் போடுங்கள். டக்கென்று எடுத்துக்கொண்டால் பம்ப்பையும் நாசிலையும் இப்போதைக்கு யாரும் தொட வேண்டாம்.

அடுத்து காற்று எங்கே ஏறுகிறது என்று பிடிக்க வேண்டும். டீசல் தாங்கக்கூடிய, உள்ளே ஓடுவது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் ஹோஸ் ஒரு சாண் வாங்கிக்கொள்ளுங்கள். ஃபில்டரிலிருந்து பம்ப்புக்குப் போகும் ஹோஸைக் கழற்றி அந்த இடத்தில் இதைக் கிளிப்போடு மாட்டி, இன்ஜினை ஓடவிட்டு உற்றுப் பாருங்கள். ஸ்டார்ட் ஆன கொஞ்ச நேரம் குமிழி வருவது நீங்கள் கழற்றியதால் புகுந்த காற்று. அது அடங்கியபிறகும் கடுகு கடுகாகக் குமிழி வந்துகொண்டே இருந்தால் ஓட்டை இதற்கு முன்னால், டேங்க் பக்கம் எங்கோ இருக்கிறது. அதே ஹோஸை ஃபில்டருக்கு உள்ளே வரும் பக்கம் மாற்றி மாட்டுங்கள். அங்கே குமிழி இல்லை என்றால் குற்றவாளி ஃபில்டரின் ரப்பர் வளையமோ அதன் தலையிலுள்ள போல்ட்டின் செம்பு வாஷரோதான். அங்கேயும் இருந்தால் இன்னும் பின்னால் போங்கள். சேஸிஸை ஒட்டிப் போகும் ஹோஸ் வளையும் இடங்களில் விரலால் மடக்கிப் பார்த்தால், பழைய ரப்பரில் பொடிப்பொடியாக வெடிப்பு தெரியும். டேங்க் மேலே டீசல் எடுக்கும் குழாயின் கழுத்தில் துரு அரித்திருப்பதும் உண்டு. எங்குமே குமிழி இல்லை, ஆனாலும் ராத்திரியில் இறங்குகிறது என்றால் கை பம்ப்புக்குள் இருக்கும் வால்வு டீசலைப் பிடித்து நிறுத்தவில்லை. அதைத் தனியாகவே மாற்றலாம்.

செம்பு வாஷரை ஒவ்வொரு தடவையும் புதிதாகப் போடுங்கள். சல்லி விலைப் பொருள்தான். அவசரத்துக்குப் பழையதையே போட வேண்டியிருந்தால் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டு, மேலே படிந்த கரியைத் தேய்த்துவிட்டுப் போடுங்கள். காய்ச்சினால் செம்பு இளகும், மறுபடி அழுந்தி உட்காரும். சூடு காட்டாமல் அப்படியே முறுக்கினால் கசிவு கூடத்தான் செய்யும்.

வேலை முடிந்ததும் ஏர் எடுக்க வேண்டும், அதாவது லைனில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். ஃபில்டர் தலையிலுள்ள ஏர் ஸ்குருவை லேசாகத் தளர்த்தி, நுரை நின்று சுத்தமான டீசல் வரும்வரை கை பம்ப்பை அடித்து, டீசல் வந்துகொண்டிருக்கும்போதே ஸ்குருவை இறுக்குங்கள். பெரும்பாலும் இதுவே போதும். அதற்கும் எடுக்காவிட்டால், நாசிலுக்குப் போகும் பைப்பின் நட்டைத் தளர்த்தி செல்ஃப் அடிப்பார்கள். அப்போது கையையும் முகத்தையும் அங்கே கொண்டுபோகாதீர்கள். அந்தப் பைப்பில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகிற அழுத்தத்தில் இருக்கும். வெளியே ஊசி குத்தினாற்போல் ஒரு புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகும். அப்படிப் பட்டுவிட்டால் வலி இல்லை என்று சும்மா இருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பின்னாளில் காமன் ரெயில் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் பீய்ச்சும்) வண்டி வாங்கினால் இந்தப் பைப் பக்கமே ஸ்பேனரைக் கொண்டுபோகாதீர்கள். அதன் அழுத்தம் இதைவிடப் பல மடங்கு.

கை பம்ப் நன்றாக இறுகியும் வண்டி எடுக்கவில்லை என்றால்தான் அடுத்த சந்தேகம். உங்கள் இன்ஜினில், குளிரில் ஸ்டார்ட் ஆக உள்ளே சூடு கொடுக்கும் ஹீட்டர் பிளக் இருந்தால், அதற்கு வரும் ஒயரைக் கழற்றிவிட்டு, பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு டெஸ்ட் லேம்ப் வழியாக ஒவ்வொரு பிளக்கின் முனையையும் தொடுங்கள். பல்பு எரிந்தால் பிளக்குக்கு உயிர் இருக்கிறது, எரியாவிட்டால் போய்விட்டது. ஒட்டன்சத்திரம் வெயிலுக்கு இது பெரிய விஷயமில்லை. மார்கழியில் மலை மேல் ராத்திரி நிறுத்தினால் தெரியும். செல்ஃப் சுற்றும் வேகத்தையும் கவனியுங்கள். மெதுவாகச் சுற்றினால் டீசல் எப்படி வந்தாலும் பிடிக்காது. ஒரு மல்டிமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். ராத்திரி நின்ற பேட்டரியில் 12.6 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும், இன்ஜின் ஓடும்போது 14-ஐ ஒட்டி. செல்ஃப் அடிக்கையில் 10-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியைப் பாருங்கள். பேட்டரி நன்றாக இருந்தும் சுற்றல் மந்தமாக இருந்தால், புது செல்ஃப் வாங்க ஓடும் முன் இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே இருக்கும் எர்த் பட்டையைக் கழற்றி, இரண்டு பக்கமும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டுங்கள். பத்து வருஷம் தாண்டிய வண்டிகளில் அந்த இடத்தை யாருமே தொட்டிருக்க மாட்டார்கள். பேட்டரியைக் கழற்றும்போது எப்போதும் நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில். பாசிட்டிவைக் கழற்றுகிற ஸ்பேனர் பாடியில் பட்டாலும் அப்போது பொறி பறக்காது.

எதை வீட்டில் செய்யலாம் என்று கேட்டிருந்தீர்கள். பிசகினால் வண்டி ரோட்டோரம் நின்றுபோகும் வேலையில் தாராளமாகக் கை வையுங்கள். பிசகினால் வண்டி நிற்காமல் போகிற வேலையில் கண்ணை மட்டும் வையுங்கள். டீசல் லைன், ஃபில்டர், ஆயில், பெல்ட், பேட்டரி, கிரீஸ் எல்லாம் முதல் வகை. பிரேக், ஸ்டியரிங், வீல் பேரிங் இரண்டாவது வகை. பட்டறையில் கூட நின்று ஒருவரிடம் ஒழுங்காகக் கற்றுக்கொண்டால் அதையும் பிறகு நீங்களே செய்யலாம். வீடியோ பார்த்துவிட்டு மலைக்கு ஓடுகிற வண்டியின் பிரேக்கைப் பிரிப்பதற்கு மட்டும் நான் சம்மதிக்க மாட்டேன்.

அடியில் படுக்கும் முன் ஒன்று. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு அல்ல. கெட்டித் தரையில் நிறுத்தி, தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, சேஸிஸுக்கு அடியில் இரண்டு இரும்பு ஸ்டாண்ட் வைத்தபிறகு வண்டியை ஒருமுறை உலுக்கிப் பார்த்துவிட்டுப் போங்கள். ஹாலோ பிளாக் கல்லை மட்டும் முட்டுக் கொடுக்கவே கூடாது. சுவரில் பரவலாகப் பாரத்தைத் தாங்குகிற கல், ஓரிடத்தில் இரும்பு அழுத்தினால் விரிசல்கூடக் காட்டாமல் பொடியாகிவிடும். கிராமத்தில் எல்லா வீட்டு வாசலிலும் நாலு கிடக்கும் என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இப்போது பிரேக். வண்டி இடது பக்கம் இழுத்தால் பெரும்பாலும் இடது பக்கம் சரியாகப் பிடிக்கிறது, வலது பக்கம் பிடிக்கவில்லை என்று பொருள். நிறையப் பேர் இழுக்கிற பக்கத்தைப் பிரிப்பார்கள். முதலில் முன் டயர் இரண்டிலும் காற்று சமமாக இருக்கிறதா, தேய்மானம் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஆளில்லாத ரோட்டில், மெதுவான வேகத்தில் சில தடவை பிரேக் அடித்து நிறுத்திவிட்டு இறங்கி, இரண்டு முன் சக்கரத்துக்கு அருகிலும் புறங்கையைக் காட்டுங்கள். டிஸ்க்கைத் தொடாதீர்கள், கொப்பளித்துவிடும். ஒரு பக்கம் அனல் அடித்து மறுபக்கம் ஆறிக் கிடந்தால், ஆறிக் கிடக்கிற பக்கம்தான் வேலை செய்யவில்லை. டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரின் பின் இறுகியிருக்கலாம், பிஸ்டன் துருப்பிடித்திருக்கலாம், பிரேக் ஹோஸ் உள்ளுக்குள் ஊதி அடைத்திருக்கலாம். பிரேக்கே அடிக்காமல் ஓட்டியும் ஒரு பக்கம் சுட்டால் கதை வேறு, அந்தப் பக்கம் விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கிறது. இவ்வளவையும் கண்டுபிடித்துக்கொண்டு பட்டறைக்குப் போனால், "பிரேக் வேலை மொத்தமா பண்ணணும்" என்று சொல்வதற்கும் "வலது காலிப்பரைப் பாருங்க" என்று நீங்கள் சொல்வதற்கும் பில்லில் வித்தியாசம் தெரியும்.

பிரேக் ஆயிலின் நிறத்தையும் பாருங்கள். அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் சரக்கு. டாட் 3 தரமுள்ள புது ஆயில் 205 டிகிரி வரைக்கும் கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அதற்கு விதித்திருக்கும் அளவே 140 டிகிரிதான். பாச்சலூரிலிருந்து லோடோடு இறங்குகையில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூடு சாதாரணமாக வந்துவிடும். ஆயில் கொதித்தால் லைனில் ஆவி நிற்கும், பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும். ஆகவே இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முழுக்க மாற்றிவிடச் சொல்லுங்கள். ஏறின கியரிலேயே இறங்குங்கள். பிரேக் ஆயில் இல்லையென்று அந்த டப்பாவில் இன்ஜின் ஆயிலையோ பவர் ஸ்டியரிங் ஆயிலையோ ஊற்றிவிட்டால், மாஸ்டர் சிலிண்டர் முதல் சக்கரம் வரை எல்லா ரப்பரும் ஊதிப் போகும், மொத்தத்தையும் மாற்ற வேண்டியிருக்கும். டிரம்மைப் பிரிக்கும் இடத்தில் நிற்க நேர்ந்தால், லைனிங் தூசியைக் காற்றடித்து ஊதச் சொல்லாதீர்கள். ஈரத்துணியால் துடைக்கட்டும். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம்.

பட்டை விஷயத்தில்தான் எனக்கு உங்கள் பட்டறையோடு சண்டை. லோடுக்கு உட்காருகிறது என்றால் முதலில் கேட்க வேண்டியது, ஏற்றுகிற லோடு ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிற எடைக்குள் இருக்கிறதா என்பது. உள்ளேதான் இருக்கிறது, ஆனாலும் உட்காருகிறது என்றால் பட்டை களைத்திருக்கிறது, அல்லது ஒரு பட்டை முறிந்திருக்கிறது. வண்டியை வெற்றாக நிறுத்தி, பட்டைகளின் பக்கவாட்டில் இரும்பு பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். முறிவு இருந்தால் மயிரிழைபோல் ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டில் செம்பழுப்பாகத் துரு கசிந்திருக்கும். பட்டையை அச்சோடு சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட்டை ஒட்டிய இடத்தைக் கூடுதலாகப் பாருங்கள். பட்டைகளை நடுவில் கோத்திருக்கும் சென்டர் போல்ட் அறுந்திருந்தால் பின் அச்சு ஒரு பக்கமாக நகர்ந்து, பின்னால் வருகிறவருக்கு வண்டி கோணலாக ஓடுவது தெரியும். வீட்டில் டேப் பிடித்து இரண்டு பக்கமும் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரத்தை அளந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

களைத்த பட்டையை அதே கணக்கில் புதுசாக மாற்றுவது ரிப்பேர். கணக்குக்கு மேல் ஒன்று கூட்டுவது ரிப்பேர் இல்லை, வண்டியை வேறொன்றாக மாற்றுவது. இதில் பலரும் கவனிக்காத ஒன்று பிரேக்கில் ஒளிந்திருக்கிறது. பல பிக்கப்களில் பின் அச்சுக்கு மேலே, சேஸிஸில் ஒரு சின்ன வால்வும் அதிலிருந்து அச்சுக்கு இறங்கும் ஒரு கம்பியும் இருக்கும். லோடு ஏறி வண்டி தாழ்ந்தால் அந்தக் கம்பி வால்வைத் தள்ளும், பின் பிரேக்குக்கு அழுத்தம் கூடும். வெறும் வண்டியாக உயர்ந்து நின்றால் அழுத்தம் குறையும், பின் சக்கரம் லாக் ஆகிச் சறுக்காது. அதாவது வண்டியின் உயரத்தை வைத்துத்தான் அது லோடைக் கணக்குப் போடுகிறது. கூட ஒரு பட்டை போட்டால் லோடு ஏறியும் வண்டி தாழாது. வால்வோ வண்டி காலி என்று நினைத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்தே கொடுக்கும். பாரம் முழுக்கப் பின்னால், பிரேக் முழுக்க முன்னால் என்று மலையிறங்குவீர்கள். பட்டை போட்டதும் முன் பிரேக் பேடு சீக்கிரம் சீக்கிரம் தீர்கிறது என்று புலம்புகிற டிரைவர்களைக் கேட்டால் தெரியும். முதலில் உங்கள் வண்டியில் அந்தக் கம்பி இருக்கிறதா, துருப்பிடித்து அசையாமல் நிற்கிறதா, யாராவது கம்பி கட்டி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். பட்டறைகளில் அப்படிக் கட்டுவதும் உண்டு.

அதோடு பட்டை கூட்டியதால் சேஸிஸுக்கோ பின் அச்சு ஹவுசிங்குக்கோ டயருக்கோ பலம் கூடிவிடாது. சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. ஓவர்லோடுக்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. விபத்தென்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது எடைச் சீட்டைத்தான்.

'டங்' சத்தம் நீங்களே கண்டுபிடிக்கக்கூடியது. சமதளத்தில் நிறுத்தி எல்லாச் சக்கரத்துக்கும் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் போட்டு, அடியில் போய், கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டை இரண்டு கையாலும் இப்படியும் அப்படியுமாகத் திருகுங்கள். ஷாஃப்ட் ஜாயிண்ட்டில் கூட்டல் குறிபோல் இருக்கும் கிராஸின் கப்புக்கும் அதைப் பிடித்திருக்கும் இரும்புக் கைக்கும் நடுவில் இம்மியளவு ஆட்டம் இருந்தாலும் கிராஸ் போய்விட்டது. கப்பைச் சுற்றிச் செங்கல் பொடிபோல் துரு பூத்திருந்தால் உள்ளே ஊசி பேரிங் காய்ந்து அரைபட்டுக்கொண்டிருக்கிறது. கிராஸில் ஆட்டமே இல்லாமல் ஷாஃப்ட் மட்டும் நிறையத் திரும்பினால் பின் அச்சுக்குள் இருக்கும் கிரவுன் பல்சக்கரத்தில் இடைவெளி. அதற்குப் பயப்பட வேண்டாம், பழைய வண்டியில் கொஞ்சம் இருக்கும். யூ போல்ட் தளர்ந்திருந்தாலும் இதே சத்தம் வரும், அதையும் ஒரு முறுக்கு பார்த்துவிடுங்கள். கிராஸை மாற்ற வைஸும் பழகிய கையும் வேண்டும். நீங்களே ஷாஃப்ட்டைக் கழற்றிக் கொண்டுபோய் லேத்தில் மாட்டி வாங்கலாம். கழற்றும் முன் இரண்டு ஃபிளாஞ்சிலும் சேர்த்து ஒரு கோடு கிழித்துக்கொள்ளுங்கள். அதே கோட்டுக்கு மாட்டாவிட்டால் 60 தாண்டினால் வண்டி உதறும்.

இனிமேல் கிராஸ் போகாமலிருக்க கிரீஸ் கன் ஒன்று வாங்குங்கள். உங்கள் பணத்துக்கு மிகுந்த பலன் தரும் சாமான் அதுதான் என்பேன். கிரீஸ் ஏற்றும் நிப்பிளை முதலில் துணியால் துடையுங்கள், இல்லையென்றால் மண்ணையும் சேர்த்து உள்ளே அனுப்புவீர்கள். கிராஸின் நாலு கப்பிலும் பழைய கருப்பு கிரீஸ் பிதுங்கிப் புதுசு தலை காட்டும்வரை அடிக்க வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால் அந்த ஒன்றுதான் முதலில் போகும். பட்டையின் ஷேக்கிள் பின், கிங் பின் என்று நிப்பிள் இருக்கும் இடங்களை ஒரு காகிதத்தில் படம் போட்டு வைத்துக்கொண்டால் எதுவும் விட்டுப்போகாது. அடியில் துருப்பிடிக்காமலிருக்கப் பழைய ஆயிலை பிரஷ்ஷால் பூசுகிற வழக்கம் நம் பக்கம் உண்டு. இரும்புக்கு ஏதோ கொஞ்சம் நல்லது, பக்கத்திலிருக்கும் ரப்பர் புஷ்ஷையெல்லாம் அது தின்றுவிடும். அந்த ஆயிலைக் கேனில் சேர்த்து, வாங்குகிறவரிடம் கொடுங்கள். வாய்க்காலில் விட்டால் உங்கள் கிணற்றுக்குத்தான் வரும்.

இன்ஜின் ஆயில் மாற்றுவதைப் பற்றி உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மட்டத்தைப் பார்க்கையில் குறைவதை மட்டும் பார்க்காதீர்கள், கூடுவதையும் பாருங்கள். ஊற்றாமலே மட்டம் ஏறி, ஆயில் தண்ணியாகி டீசல் வாடை அடித்தால் ஃபீட் பம்ப் வழியாக டீசல் உள்ளே இறங்குகிறது. அன்றைக்கே வண்டியை நிறுத்திவிட வேண்டும். பால் காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படுங்கள்.

ரேடியேட்டருக்கு போர் தண்ணீரை ஊற்றாதீர்கள். நம் பக்கத்து போர் தண்ணீரில் வீட்டுப் பாத்திரமே வெள்ளை பூக்கிறது, ரேடியேட்டர் குழாய்க்குள் என்ன ஆகும்? கூலண்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் (பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர், ஆசிட் அல்ல) கலந்து ஊற்றுங்கள், சூட்டில் மூடியைத் திறக்காதீர்கள். வண்டி சூடாகிறது என்று போனதும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிடுகிற கைகள் நிறைய. உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத இன்ஜின் சரியான சூட்டுக்கே வராமல் டீசலைக் குடிக்கும், ஆயில் சேறாகும். சூட்டுக்கு உண்மையான காரணம், அடைத்த ரேடியேட்டரோ கெட்டுப்போன மூடியோ, அப்படியே உள்ளே உட்கார்ந்திருக்கும்.

பின் தொட்டிக்கு வாருங்கள். காய்கறி வண்டி மேலிருந்துதான் அரிக்கும். தக்காளிப் பெட்டியிலிருந்து வடியும் சாறு புளிப்பு, அது ரப்பர் ஷீட்டுக்கு அடியில் போய் நாள் கணக்கில் காயாமல் நிற்கும். வாரம் ஒருமுறை ஷீட்டை உருவி எடுத்து, தண்ணீர் விட்டுக் கழுவி, வெயிலில் காயவிட்டுப் போடுங்கள். தொட்டியில் ஓட்டை விழுந்து வெல்டிங் வைக்க நேர்ந்தால் பேட்டரி ஒயரையும் டைனமோ ஒயரையும் கழற்றிவிட்டுத்தான் வைக்கச் சொல்ல வேண்டும், டீசல் டேங்க் பக்கம் என்றால் டேங்க்கையே இறக்கிவிட வேண்டும். தொட்டிக்கு வெல்டிங் சரி. சேஸிஸ் பாருக்கு எவராவது வெல்டிங் வைக்க வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி விரியும்.

சாமான் வாங்குவதில், கதவுக் கண்ணாடி ஏற்றி, லைட், பம்பர் போன்றவற்றைச் சென்னைப் புதுப்பேட்டை மாதிரி இடங்களில் பழையதாகவே வாங்கலாம். பிரேக், ஸ்டியரிங், ஹோஸ், பேரிங், ஆயில் சீல் எதையும் பழையதாக வாங்கக் கூடாது, பெட்டியில் எழுத்துப் பிழையோடு பாதி விலைக்கு வருகிறதையும் வாங்கக் கூடாது.

விற்பதா வேண்டாமா? இன்ஜின் சூடாக ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து தலைகீழாக அந்த வாயின் மேலேயே வையுங்கள். லேசாக அதிர்ந்து அங்கேயே இருந்தால் பிஸ்டன் ரிங்கும், பிஸ்டன் ஓடும் லைனரும் இன்னும் வேலை செய்கின்றன. துள்ளி விழுந்து, உள்ளிருந்து இன்ஜின் துடிப்போடு சேர்ந்து புகை குபுகுபுவென்று வந்தால் பெரிய செலவு வரப்போகிறது. பிறகு ஒரு சின்னச் சுத்தியலால் சேஸிஸ் பாரை நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். பட்டை மாட்டியிருக்கும் தாங்கிகளுக்குப் பக்கத்தில் நிதானமாகத் தட்டுங்கள். கணீரென்று வந்தால் இரும்பு இருக்கிறது. மட்டமாகச் சத்தம் வந்து செதில் செதிலாக உதிர்ந்தால் அங்கே இரும்பு தீர்ந்துவிட்டது. மூடியும் துள்ளி, சேஸிஸும் உதிர்ந்தால் மேற்கொண்டு காசு போடாமல் விற்றுவிடுங்கள். இரண்டில் மூடி மட்டும் துள்ளினால் இன்ஜின் வேலைக்கு ஆகும் தொகையையும் நல்ல நிலையிலுள்ள பழைய வண்டி விலையையும் வைத்துக் கணக்குப் போடலாம். சேஸிஸ் உதிர்ந்தால் கணக்கே வேண்டாம். இரண்டும் சரியாக இருந்தால் இன்னும் சில வருஷம் உழைக்கிற வண்டி உங்களுடையது. எட்டு வயது தாண்டிய வண்டிக்கு ஆண்டுக்கு ஒருமுறை எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்க வேண்டும் என்பதால் எப்படியும் அதற்கு முன் அடியில் படுத்துத்தான் ஆக வேண்டும், அந்தச் சமயத்தில் இந்தத் தட்டலையும் வைத்துக்கொள்ளுங்கள்.

வரிசை இப்படி இருக்கட்டும். பிரேக் சரியாகும்வரை பாச்சலூர் லோடுக்கு வண்டியை அனுப்பாதீர்கள், மார்க்கெட்டுக்கு மட்டும் மெதுவாக ஓட்டுங்கள். இந்த வாரமே வலது காலிப்பர். அடுத்து கிராஸ். கை பம்ப் சோதனையை நாளைக் காலையிலேயே செய்துவிடலாம். குமிழி எங்கிருந்து வருகிறது என்று பிடிபடாவிட்டால், எந்த இடத்தில் ஹோஸ் மாட்டினீர்கள், எங்கே குமிழி இருந்தது, எங்கே இல்லை என்று எழுதி அனுப்புங்கள். அதற்குள் யார் சொன்னாலும் பம்ப்பைக் கழற்றக் கொடுத்துவிடாதீர்கள்.